தர்மிகா ஏழு இடத்தில் நின்ற தேர்தல்

மே மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை, பகல் பன்னிரண்டரை மணிக்கு, மருத்துவிச்சி தர்மிகா எஸ்லிங்கனில் ஒரு கலியாண வீட்டிலும் லுட்விக்ஸ்பேர்க்கில் ஒரு பிறந்தநாள் விழாவிலும் ஒரே நேரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு மண்டபத்திலும் படம் எடுத்திருக்கிறார்கள். இரண்டிலும் அதே நீலச் சேலை, அதே கொண்டை. லுட்விக்ஸ்பேர்க் படத்தில் மட்டும் கத்தரிக்காய்க் குழம்பை ஓரமாக ஒதுக்கி வைத்திருக்கிறாள். அன்று பின்னேரம் இருவரும் ஐந்து நிமிட இடைவெளியில் ஸ்டுட்கார்ட்டின் ஓரத்தில் இருந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். ட்ராம் ஓட்டுகிற அவளுடைய கணவன் சேயோன் கதவைத் திறந்து முதலில் வந்தவளுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தான். மற்றவள் வந்ததும் அவளுக்கும் ஊற்றினான். களைத்துப் போய் வந்தவளிடம் கேள்வி கேட்கிற பழக்கம் அவனுக்கு இல்லை.

இதெல்லாம் தொடங்கியது ஒரு பிரசவ விடுதியால். அவர்களுடைய ஊரில் இருந்த விடுதி மூடப்பட்டு, பிள்ளை பெற நாற்பது நிமிடம் காரில் போக வேண்டியதாயிற்று. தர்மிகாவின் கையில் மட்டும் மூன்று குழந்தைகள் நெடுஞ்சாலை ஓரத்தில் பிறந்தன. பதினாறு ஆண்டுகளாகத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராக இருந்த ஹேபெர்லே என்பவர் இதைக் கேட்டு மிகவும் வருத்தப்பட்டார். வருத்தப்படுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அந்தத் தொகுதியில் அவரும் தர்மிகாவும் இருந்த கட்சி யாரை நிறுத்தினாலும் வெல்வார். ஆகவே உண்மையான தேர்தல், கட்சி உறுப்பினர்கள் கூடி வேட்பாளரைத் தெரிவு செய்யும் அந்த ஒரு பின்னேரம்தான். செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை, இரண்டு மணி. ஹேபெர்லேயை எதிர்த்து அங்கே இதுவரை ஒருவரும் நின்றதில்லை. தர்மிகா நின்றாள். அவளுடைய தாய்மாமன் நவரத்தினம் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுச் சும்மா இருந்தார். பிரசாரத்தைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் மேசை போட்டு, ஜெர்மன் கடவுச்சீட்டு உள்ள நூற்றுப்பதினெட்டுத் தமிழர்களைக் கட்சியில் சேர்த்தார்.

அவருக்கு ஒரே ஒரு கொள்கை இருந்தது. "பிள்ளை, எங்கடை சனம் பேச்சுக்கு வாக்குப் போடாது. தன்ரை வீட்டு விசேசத்துக்கு வந்தவைக்குத்தான் போடும். ஒண்டையும் விடக்கூடாது," என்றார். கோடைகாலச் சனிக்கிழமையில் இந்தச் சனத்துக்கு எத்தனை விசேசம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. ஜூனில் தர்மிகா மூன்றாக இருந்தாள், ஜூலையில் ஐந்து, ஓகஸ்ட் நடுவில் ஏழு. ஒரே மாதிரி ஏழு சோடி சப்பாத்துகள் படிக்கட்டில் நின்றதால், பொது வழியில் பொருள் வைப்பது வீட்டு ஒழுங்குக்கு மாறானது என்று கீழ்வீட்டுப் பெண்மணி கடிதம் எழுதிக் கதவில் ஒட்டினார். பதிவு அலுவலகத்தில் டெர்மின், அதாவது சந்திப்பு நேரம், எடுத்து சேயோன் போய்க் கேட்டான். ஏழு பேரும் ஒரே முகவரியா என்று கேட்ட அலுவலர், அப்படியானால் புதிய படிவம் தேவையில்லை என்று அனுப்பிவிட்டார். கட்சியின் தேர்தல் குழுவும் கூடி யோசித்து, எத்தனையாக இருந்தாலும் அவளுக்கு ஒரு வாக்குத்தான் என்று தீர்மானம் எழுதியது.

ஆனால் ஏழானபோது அவளுக்குள் இருந்தவை சரியாகப் பங்கு பிரியவில்லை. கூட்டங்களில் பேசியவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மண்டபங்களுக்குப் போனவளுக்குச் சிரிப்பைத் தவிர வேறொன்றும் வரவில்லை. ஒருத்திக்குப் பசி இல்லை, இன்னொருத்திக்குப் பசி அடங்கவே இல்லை. வீட்டில் நின்றவளுக்குப் பின்னல் போடத் தெரியவில்லை. ஐந்து வயது மகள் ஆதிரையின் முடியை மூன்றாகப் பிரித்துக் கையில் பிடித்துக்கொண்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பாள். பிறகு ஒரு ரப்பர் வளையத்தைப் போட்டுக் கின்டர்கார்டனுக்கு அனுப்பிவிடுவாள். பிள்ளை ஒரு மாதம் பார்த்தது. பிறகு அவளை அம்மா என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டது. தேவைப்பட்டால் "ஹலோ" என்றது. ஒருநாள் காலைச் சாப்பாட்டு மேசையில், நான்கு தர்மிகாக்கள் எதிரே இருக்க, "அப்பா, அம்மா எப்ப வருவா?" என்று கேட்டது. நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். வென்றால் பாதி வாரம் பெர்லின், மீதி வாரம் தொகுதி, அதற்கு ஏழும் போதாது என்பது நால்வருக்கும் தெரிந்திருந்தது. அன்றைக்குத்தான் தர்மிகாவுக்கு முதன்முதலாகப் பயம் வந்தது. நவரத்தினத்தின் நாட்காட்டியில் பயத்துக்கு இடமில்லாததால் அதை யாரிடமும் சொல்லவில்லை.

செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமையில்தான், கோயிலில் பழக்கமான நேசமலரின் மகள் பெரியபிள்ளை ஆனதற்கான சாமத்திய வீடும் வந்தது. ஐயர் குறித்துக் கொடுத்த நாள், மாற்ற ஏலாது. நேசமலரின் பக்கத்துச் சனம் மட்டுமே முப்பது வாக்கு. நவரத்தினம் யோசித்து, மண்டபத்துக்கு ஒரு தர்மிகாவை அனுப்பி, ஒன்றேகாலுக்கு வாசலில் பஸ்சும் நிறுத்தினார். கட்சிக் கூட்டத்துக்கு இருபது நிமிட ஓட்டம். இங்கேதான் அவருடைய கணக்குப் பிழைத்தது. அட்டையில் பத்தரை என்று போட்டிருந்ததால் சனம் பன்னிரண்டரைக்கு வந்தது. ஒன்றேகாலுக்கு ஆரத்தியே முடியவில்லை. பஸ்காரர் இரண்டு தரம் ஹோர்ன் அடித்தார். மண்டபத்தில் வயதில் மூத்தவரான இராசலிங்கம் மேடையைப் பார்த்தார். அங்கே தர்மிகா பிள்ளைக்குப் பக்கத்தில் நின்று, படமெடுப்பவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"வேட்பாளரே இங்கை நிக்கேக்கை நாங்கள் எழும்பிப் போறது மரியாதையில்லை. அவ வெளிக்கிடட்டும், பின்னாலை போவம்," என்றார்.

எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. எழுபத்தாறு பேர் இருந்து ஆறுதலாகச் சாப்பிட்டார்கள். இரண்டு மணிக்குக் கட்சி மண்டபத்தில் பெயர்ப் பட்டியலை மூடினார்கள். ஜெர்மன்காரர் இரண்டு என்றால் இரண்டு. ஹேபெர்லேக்கு நூற்றைம்பத்திரண்டு வாக்கு, தர்மிகாவுக்கு நூற்றிருபத்தொன்று. நேரத்துக்கு வந்திருந்த தமிழர்கள் நாற்பத்திரண்டு பேர்தான் என்பதால், மீதி எழுபத்தொன்பதும் அவள் ஒரு விசேசத்துக்கும் போயிராத ஜெர்மன் வீடுகளிலிருந்து விழுந்தவை. நாலு மணிக்குப் பஸ்சில் வந்திறங்கிய இராசலிங்கம் வாசலில் அவளைக் கண்டு, "எங்களுக்கு முன்னம் எப்பிடிப் பிள்ளை வந்தனி?" என்று கேட்டுவிட்டு, வடை கட்டிய பொட்டலத்தைக் கையில் கொடுத்தார்.

முடிவைச் சொன்னபோது தர்மிகாவுக்கு நெஞ்சுக்குள் இருந்து ஒரு கல் இறங்கியது. அழுகைதான் வரப்போகிறது என்று நினைத்தாள். வந்தது பசி. வெட்கமாக இருந்தது, இருந்தாலும் சந்தோசமாக இருந்தது. பக்கத்தில் நின்ற சேயோனிடம், "தோத்திட்டன்," என்றாள். "ஓம்," என்றான் அவன், அவளுடைய கையை விடாமல். நவரத்தினம் விசேசப் பட்டியலை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார். இனிச் சனிக்கிழமைகளில் படுக்கலாம் என்று அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும், முகம் அப்படித்தான் இருந்தது. நூற்றிருபத்தொன்று என்ற எண் ஹேபெர்லேயை மிகவும் தொந்தரவு செய்தது. ஜனவரியில் பிரசவ விடுதி திரும்பவும் திறக்கப்பட்டது, அவர்தான் ரிப்பன் வெட்டினார். தர்மிகா கைதட்டினாள், பிறகு உள்ளே போய்க் கையைக் கழுவிக்கொண்டு வேலையைத் தொடங்கினாள்.

மற்றத் தர்மிகாக்கள் தேர்தல் நடந்த சனிக்கிழமை பின்னேரத்திலிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். மணி அடிக்கும், தர்மிகா திறப்பாள், வந்தவள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே காலடி வைப்பாள், அதற்குப் பிறகு வீட்டில் ஒருத்திதான் இருப்பாள். ஒருத்தி வந்தபோது சிரிப்பு வந்தது. இன்னொருத்தியோடு நித்திரை வந்தது. ஞாயிறு காலை வந்தவள் கதவருகே நின்று விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு உள்ளே வந்தாள். மண்டபத்துக்குப் போனவள் மட்டும் வரவேயில்லை. சேயோன் இரண்டு வாரம் அவளுக்கும் ஒரு கோப்பை எடுத்து வைத்தான், பிறகு விட்டுவிட்டான்.

அவள் இப்போதும் சனிக்கிழமைகளில் மண்டபங்களில்தான் இருக்கிறாள். போன மாதம் பிராங்பேர்ட்டில் ஒரு கலியாணத்தில் எடுத்த படத்தை நேசமலர் அனுப்பியிருந்தார். தர்மிகாவிடம் இல்லாத ஒரு குங்குமநிறச் சேலை. வீட்டிலிருந்த தர்மிகா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, "வடிவாத்தான் இருக்கிறா," என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். விசேசங்களுக்கு வீட்டிலிருந்து ஒருவர் போனால் போதும்தானே. பிறகு மடியில் இருந்த ஆதிரையின் முடியை மூன்றாகப் பிரித்துப் பின்னத் தொடங்கினாள்.

"இறுக்கமா இருக்கு, அம்மா," என்றது பிள்ளை.