நூற்றுப் பதினேழாவது சாட்சி

பெரின் எரிந்துபோய் இருபத்தைந்து வருஷம் ஆகிறது. அந்தப் பெரின்தான் இப்போது மியூஸ் ஆற்றங்கரையில், வைக்கோல் திணித்த மரப்பெட்டிக்குள் முட்டிபோட்டபடி, அவளை எரித்தது தப்பு என்று திருத்தி எழுத வந்திருந்த பெரியவர்களின் உள்ளங்கிகளைத் துவைத்துக்கொண்டிருந்தாள். பெரியவர்கள் பதினொரு பேர். எல்லோரும் நன்றாகச் சாப்பிடுகிறவர்கள் என்பது துணியைப் பார்த்தாலே தெரிந்தது.

மொன்வால் ஊரில் அவள் பெயர் அலிசோன். வயது நாற்பத்து நாலு. இடது தோளில் அம்பு நுழைந்து வெளியேறிய தழும்பு ஒன்று உண்டு. அது மழைக்கு மட்டும் வலிக்கும். இரண்டு முட்டிகளும் எல்லாக் காலத்துக்கும் வலிக்கும். போரில் அவள் இருந்தது பதினாலு மாதம். துவைத்தது இருபத்து மூன்று வருஷம். கையில் கொடியோடு அவளைச் செதுக்கக் கல் வாங்கிவிட்டார்கள் என்று கேள்வி. துவைக்கும் கட்டையோடு செதுக்கலாம் என்று யாருக்கும் தோன்றியிருக்காது.

அவளை அடையாளம் கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற பயம் முதல் வருஷத்தோடு போய்விட்டது. கன்னி பெரின் எப்படி இருப்பாள் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். கோயில் திரைச்சீலையில் இருக்கிறாளே. ஆறடி உயரம், இடுப்புவரை பொன்முடி, காலடியில் மண்டியிட்ட எதிரிகள். அந்தப் படத்துக்குக் கீழேதான் அலிசோன் ஞாயிறுதோறும் பூசை பார்ப்பாள். தலையில் முக்காடு, முக்காட்டுக்குள் குட்டை முடி, கையில் சாம்பல்நீர் தின்ற வெடிப்பு.

அவள் தப்பியது புறாவாலோ தேவதூதராலோ அல்ல, தியெபோவால். தியெபோ அவள் படையில் பீரங்கி போட்டவன். ஐம்பது வயது, இடது கையில் இரண்டு விரல் கிடையாது, வாயைத் திறந்தால் குதிரைகளே வெட்கப்படும். அவள் எரிய வேண்டிய நாளின் முந்தின இரவு சிறையில் ஒரு பெண் காய்ச்சலில் செத்துப்போனாள். தியெபோ தன் ஒரே குதிரையைச் சிறைக்காவலனுக்குக் கொடுத்தான். காலையில் அந்தச் செத்த பெண்ணுக்கு முகமூடியும், குற்றம் எழுதிய காகிதக் குல்லாவும் மாட்டிச் சந்தைத் திடலில் கம்பத்தில் கட்டினார்கள். கன்னி கத்தாமல் வெந்தாள் என்று ஊர் இன்றைக்கும் மெய்சிலிர்க்கிறது. பெரின் அந்நேரம் சந்தைக்குப் பின்தெருவில், உப்புமீன் வண்டியில், ஈர வைக்கோலுக்கு அடியில் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தாள்.

குதிரை இல்லாததால் தியெபோ நடந்து போனான். நடந்து போனதால் மாட்டிக்கொண்டான். தீர்ப்பில் ‘அவளும் அவளைச் சேர்ந்தவர்களும்’ என்று எழுதியிருந்தது. திருச்சபைக்கு வெளியே தள்ளித் தூக்கிலிட்டு, கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே, வண்டிப்பாதை ஓரப் பள்ளத்தில் போட்டு மூடினார்கள். இரண்டு வருஷம் கழித்துப் பெரின் இந்த ஊருக்கே திரும்பி வந்தது அந்தப் பள்ளத்துக்காகத்தான். எரித்த ஊரில் எரிந்தவளை யாரும் தேடமாட்டார்கள் என்பதும் ஒரு வசதி.

அன்றைக்குப் பக்கத்துப் பெட்டியில் முட்டிபோட்டிருந்த மாரியோன் ஒரு சேதி சொன்னாள். கன்னிக்குப் பெரிய கல் சிலுவை நிறுத்தப்போகிறார்களாம். இடம் பார்த்தாகிவிட்டது. கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே, வண்டிப்பாதை ஓரத்தில். திங்கட்கிழமை கடைக்கால் தோண்டுகிறார்கள்.

“அங்க ஆளு புதைச்சிருக்கே,” என்றாள் பெரின்.

“ஆளாவது. எல்லாம் சபைய விட்டுத் தள்ளுன பதிதப் பயலுவ எலும்பு. ஆத்துல கொட்டச் சொல்லி குழிவெட்டி ரெமிக்கு உத்தரவாம். நாம துவைக்கிற எடத்துக்கு மேலயே கொட்டாம இருந்தாச் சரி.”

பெரின் கட்டையைக் கீழே வைத்தாள். பெரியவர்களின் மறுவிசாரணையில் பழைய தீர்ப்பு ரத்தாகும்போது, அவளைச் சேர்ந்தவர்களில் யார் யார் பெயர் ஏட்டில் ஏறுகிறதோ அவர்களும் மன்னிக்கப்பட்டவர்கள் என்று போன ஞாயிறு கோயிலில் வாசித்திருந்தார்கள். பெயர் ஏறினால் தியெபோ சுவருக்கு உள்ளே போவான். ஏறாவிட்டால் திங்கட்கிழமை ஆற்றோடு போவான்.

நான்தான் பெரின் என்று எழுந்து நின்று சொல்லிவிடலாமே என்று கேட்கலாம். சொல்லிப் பார்த்திருக்கிறாள். ஒருமுறை பாவசங்கீர்த்தனத்தில் சொன்னாள். சாமியார் பெருமூச்சு விட்டு, அகங்காரத்துக்குப் பரிகாரமாக நாற்பது ஜெபம் கொடுத்தார். அவர்மேல் தப்பில்லை. நான்தான் கன்னி என்று அந்த வட்டாரத்தில் அதுவரை மூன்று பெண்கள் கிளம்பியிருந்தார்கள். மூன்றாமவள் ஒரு கரடிக்காரனோடு வந்தாள். அவளைச் சந்தையில் வைத்துச் சவுக்கால் அடித்தபோது கூட்டத்தில் பெரினும் நின்றாள்.

ஆகவே சனிக்கிழமை காலை, சாட்சி சொல்ல வந்த சலவைக்காரி அலிசோனாக நகர மண்டபத்தின் முப்பத்தாறு படிகளையும் கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து ஏறினாள். அவளுக்கு நூற்றுப் பதினேழு என்று எண் போட்டார்கள்.

மேடையில் ஆயரின் பிரதிநிதி கோஷே சாமி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் எழுத்தர் ஓஜியே. அவரிடம் நாற்பத்தேழு கேள்விகள் இருந்தன. பதில்களும் பெரும்பாலும் இருந்தன. சாட்சிகள் ஆமாம் போட்டால் போதும் என்று நேரத்தை மிச்சப்படுத்த முன்கூட்டியே எழுதிவைத்திருந்தார்.

கன்னி எவ்வளவு உயரம் என்று கேட்டார்கள். தன் உயரம்தான் இருப்பாள் என்றாள் பெரின். எழுத்தர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மற்றவர்கள் ஈட்டி உயரம் என்று சொல்லியிருப்பதை ஜாடையாகத் தெரிவித்தார். கன்னி உணவு உண்டதுண்டா என்று கேட்டார்கள். கொல்லன் மனைவி, கன்னி நற்கருணை அப்பம் ஒன்றிலேயே வாரம் முழுக்க உயிர் வாழ்ந்ததாகச் சொல்லியிருந்தாள். அதே கொல்லன் மனைவி பன்றி இறைச்சி போட்ட பட்டாணிக் கஞ்சியைத் தனக்கு மூன்று கிண்ணம் ஊற்றியது பெரினுக்கு நினைவிருந்தது. நன்றாகவே சாப்பிடுவாள் என்றாள். கவசத்திலிருந்து சாம்பிராணி மணம் வீசியதா என்றார்கள். குதிரை வாடைதான் வீசியது என்றாள்.

கோஷே சாமி பேனாவை நிறுத்தச் சொன்னார்.

“நீ அவளத் தூரத்துல நின்னுதான் பாத்திருப்ப போல.”

“மொகத்தப் பாக்க எனக்கு வாய்க்கல சாமி,” என்றாள் பெரின். முகாமில் கண்ணாடி கிடையாது.

சாட்சி எளிய புத்தி உள்ளவள் என்று எழுத்தர் குறித்துக்கொண்டார். போகலாம் என்று கை காட்டினார்கள். பெரின் போகவில்லை. தியெபோவின் பெயரைச் சொன்னாள். பீரங்கிக்காரன், கன்னியைச் சேர்ந்தவன், பெயரை ஏட்டில் ஏற்ற வேண்டும் என்றாள்.

எழுத்தர் புரட்டிப் பார்த்தார். கன்னியின் தோழர்கள் நாற்பத்தோராம் கேள்வியில் வருகிறார்கள். அதில் ஒரு பிரபு, ஒரு குருவானவர், ஒரு பிரபுவின் மகன் என்று மூன்று பேர் அழகாக அமர்ந்திருந்தார்கள். பீரங்கிக்காரனுக்கு அங்கே இடம் இல்லை. ஆற்றங்கரைக் கோட்டைச் சுவரை விழவைத்ததே அவன்தான் என்றாள் பெரின். சுவர் கன்னியின் ஜெபத்தால் விழுந்தது என்றும், அதற்குப் பதினாலு சாட்சிகள் உண்டு என்றும் கோஷே சாமி பொறுமையாக விளக்கினார். கன்னி ஜெபித்தது உண்மைதான். எட்டு நாள் ஜெபித்தாள். ஒன்பதாம் நாள் தியெபோ குண்டைச் சரியாகக் குறிவைத்தான். இதைச் சொன்னால் வேலைக்காகாது என்று பெரின் விட்டுவிட்டாள்.

கடைசியாக, பேச்சுக்கு ஒன்று கேட்பவரைப் போலச் சாமி கேட்டார், கன்னி எரிந்த அன்று அவள் எங்கே இருந்தாள் என்று.

“சந்தைக்குப் பின்னாடிதான் சாமி. புகை கண்ணுல எரிஞ்சுது.”

சாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். கன்னி எரிந்தபோது நெருப்பிலிருந்து வெண்புறா ஒன்று பறந்ததாக இருபத்திரண்டு பேர் சொல்லியிருந்தார்கள். ஆனால் எதிரிச் சிப்பாய்கள் கூட்டத்தைத் தள்ளியே வைத்திருந்ததால் ஒருவரும் பக்கத்தில் நின்றவரில்லை. மிக நெருங்கி நின்றவனே கசாப்புக்கடைக் கூரைமேல் நின்றான், அதுவும் அவன் குடித்திருந்தான். இது போதாதென்று புறா எந்தப் பக்கம் பறந்தது என்பதில் சாட்சிகள் அவரவர் ஊர்ப் பக்கம் காட்டினார்கள். ஆற்றுக்கு அக்கரை மடத்தார் புறா தங்கள் கோபுரத்தில்தான் இறங்கியது என்று கூண்டுகூடக் கட்டிவிட்டார்கள்.

“மகளே,” என்றார் கோஷே சாமி. இதுவரை அவள் மகளாக இல்லை. “ஞாபகம்னு ஒண்ணு இருக்கே, அது ஜெபம் பண்ணினா திரும்பி வரும். மாலைப் பூசை மணி அடிக்கிற வரைக்கும் யோசி. அப்பேர்ப்பட்ட அருளைக் கண்ணால கண்டவ ஒரு மனுஷன நல்லவன்னு சொன்னா, அவன் பேரை எழுதாம நாங்க எப்படி இருக்க முடியும்?”

யோசிக்க வீட்டுக்குப் போயிருக்கலாம். முப்பத்தாறு படி இறங்கி, மறுபடி முப்பத்தாறு படி ஏற வேண்டும். பெரின் முதல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பத்தொன்பது வயதில் இதே கட்டடத்தில் அறுபது படித்தவர்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்து ஒரே ஒரு பொய் கேட்டார்கள். எனக்கு வானத்திலிருந்து குரல் எதுவும் கேட்கவில்லை என்று சொல், வீட்டுக்குப் போ என்றார்கள். மூன்று மாதம் கேட்டார்கள். அவள் சொல்லவில்லை. அன்றைக்கு அது கஷ்டமாகக்கூட இல்லை. முட்டி நன்றாக இருந்தது, குரல்களும் நாளுக்கு மூன்று வேளை வந்துகொண்டிருந்தன. இப்போது அவை வருவதில்லை. கடைசியாக வந்து பதினோரு வருஷம் ஆகிறது. அதுவும் மழை வரும், துணியை எடு என்று சொல்லத்தான். வந்ததும் மழையல்ல, வெறும் தூறல்.

இருந்தாலும் ஒரு மரியாதைக்காகக் காத்திருந்து பார்த்தாள். கீழே தெருவில் யாரோ வெங்காயம் விற்றுக்கொண்டு போனார்கள். மணி அடித்தது. சுவரைப் பிடித்து எழுந்து உள்ளே போனாள்.

வேதப் புத்தகத்தின்மேல் கை வைக்கச் சொன்னார்கள். வைத்தாள். புறா வெள்ளையா என்று கேட்டார்கள். வெள்ளை. நெருப்பின் நடுவிலிருந்தா? நடுவிலிருந்துதான். எந்தப் பக்கம்? கோயில் பக்கம் என்றாள். எந்தக் கோயில் என்று கேட்டபோது எழுத்தரின் பேனா அந்தரத்தில் நின்றது.

“இந்தக் கோயில்தான். வேற எங்க போகும்?”

கோஷே சாமி மெதுவாக மூச்சை விட்டார். அதுவரை பெரினுக்கு ஒன்றும் ஆகவில்லை. மீன் வண்டிக்குள் கிடந்தவளுக்கு எந்தப் புறாவாக இருந்தால் என்ன. யாருக்கும் அதில் வலிக்காது.

பிறகு தியெபோவுக்கு வந்தார்கள். நல்லொழுக்கத்துக்குச் சாட்சி வேண்டும், அதற்கும் கேள்விகள் உண்டு. குடிப்பானா என்றார்கள். குடிக்கமாட்டான் என்றாள். பூசை தவறுவானா? தவறமாட்டான். அவன் வாயில் கெட்ட வார்த்தை வந்ததுண்டா என்றார்கள். சிறையிலிருந்து பெரினை இழுத்துப்போய் வைக்கோலுக்கு அடியில் தள்ளும்போது அவன் வாயிலிருந்து வந்ததெல்லாம் அந்த வார்த்தைகள்தான். பயத்தில் பல் அடித்துக்கொண்டிருந்தவள், அந்த வார்த்தைகளைக் கேட்டுச் சிரித்துவிட்டாள். அவள் கடைசியாக வாய்விட்டுச் சிரித்தது அதுதான். அந்த வாயைக் கழுவித் துடைத்து இவர்களிடம் கொடுக்க வேண்டியிருந்தது.

“சொல்லும்மா,” என்றார் எழுத்தர். அவருக்கும் பசி.

“நல்ல மனுஷன் ஐயா. கெட்ட வார்த்த ஒண்ணு வாயில வராது.”

எழுதிக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை குழிவெட்டி ரெமி எலும்புகளை ஒரு கூடையில் எடுத்துவந்தான். அந்தப் பள்ளத்தில் மூன்று பேர் இருந்தார்கள். எவன் எவன் என்று எப்படிச் சொல்வது என்று தலையைச் சொறிந்தான். பெரின் தரையில் உட்கார்ந்து கை எலும்புகளைத் தடவித் தடவிப் பார்த்து, விரல் குறைந்த இடது கையைக் கண்டுபிடித்துக் கொடுத்தாள். மற்ற இருவர் பெயரும் அவளுக்குத் தெரியாது. ஏட்டிலும் இல்லை. அவர்கள் ஆற்றுக்குப் போனார்கள்.

பங்குச் சாமியார் அவசரத்தில் இருந்தார், கடைக்கால் ஆசீர்வாதத்துக்கு ஆயர் வந்துகொண்டிருந்தார். நாவடக்கத்தின் முத்தாகிய தியெபோ என்று ஏட்டில் உள்ளபடி வாசித்து, தீர்த்தம் தெளித்துவிட்டு ஓடினார். மாரியோன் மட்டும் கூட நின்றாள். இவன் உனக்கு உறவா என்று கேட்டாள். உறவு மாதிரி என்றாள் பெரின். இவ்வளவு நல்ல மனுஷனை ஏண்டி தூக்கில் போட்டார்கள் என்று மாரியோன் ஆச்சரியப்பட்டாள். ஏட்டில் இருக்கிற மாதிரி நல்லவனாக இருந்திருந்தால் போட்டிருக்க மாட்டார்கள் என்று நினைத்தபடி புது மண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள் பெரின். சுவருக்கு உள்ளே ஈரம் குறைவாக இருந்தது. அவனுக்கு அது பிடிக்கும்.

அதற்குள் சேதி பரவியிருந்தது. சுவருக்கு அப்பால் ஆயரைப் பார்க்க வந்த கூட்டத்திலிருந்து ஒரு பெண் பிரிந்து, கையில் மெழுகுவர்த்தியும் பின்னால் ஏழெட்டுப் பேருமாக உள்ளே வந்தாள். வெகுதூரம் நடந்தவள் என்று செருப்பு சொன்னது.

“அக்கா, பொறாவக் கிட்டத்துல பாத்தவங்க நீங்கதானாமே?”

பெரின் அவளை அண்ணாந்து பார்த்தாள். பிறகு மண்மேட்டைப் பார்த்தாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாற்பத்தோராம் கேள்வியில் ஒரு பெயரை அடித்துவிடுவார்கள். ரெமியின் கூடை இன்னும் சுவரோரம்தான் கிடந்தது.

“ஆமா.”

“வெள்ளையா இருந்துச்சா?”

“வெள்ளதான்.”

“ரெக்க எப்படி அடிச்சுது, சொல்லுங்க.”

“சொல்றேன்,” என்றாள் பெரின். “மொதல்ல கையக் குடு. எந்திரிக்கணும்.”