முள்வேலிக்குள் வேலப்பன்

தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி ஏறிய மாதமே ரப்பர் தோட்டத்தில் சிலம்பப் பயிற்சியும் நின்றுபோனது. காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி அரிசிகூடப் போய்ச் சேரக்கூடாது என்பது வெள்ளைக்கார அரசின் அவசரகாலக் கெடுபிடி. நாலு பேர் கம்போடு கூடி நின்றால் தோட்டத்துத் துரை போலீஸைக் கூப்பிட்டார். பாடாங் செராய் வட்டாரத்தில் முனியாண்டியின் கம்புக்கு எதிர்நிற்க ஆளில்லை என்று பேர். அப்பேர்ப்பட்டவன் ஞாயிற்றுக்கிழமைகளில் சுவரை வெறித்தபடி உட்கார்ந்திருந்தான்.

அதைப் பார்க்கப் பொறுக்காதவள் அவன் தங்கை நவமணி. காலையில் பால் வெட்டு, மத்தியானத்துக்கு மேல் படம் வரைவது. இவை இரண்டும்தான் அவள் வாழ்க்கை. அடுப்புக்கரியால் சுவரைப் பாழாக்கி அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள், இப்போது மைக்கோலும் காகிதமுமாக வளர்ந்திருந்தாள்.

"அண்ணே, எழுந்து கம்பைத் தூக்கு. நான் சொல்ற வரைக்கும் அசையாத."

"அசையாம நிக்கிறதுக்குப் பேரு சிலம்பமா?"

"நீ நில்லு. அசையறத நான் பாத்துக்கறேன்."

இப்படித்தான் படக்கதை நாயகன் வேலப்பன் பிறந்தான். ஊர் ஊராகப் போய்க் கம்பெடுத்து அநியாயக்காரர்களை மடக்கும் வாலிபன். ஒரு பக்கத்துக்கு ஆறு கட்டம். கம்பு சுழலும் இடத்தில் காற்றுக் கோடுகள், கால் நகரும் இடத்தில் அம்புக்குறிகள். சுங்கை பட்டாணியில் அச்சகம் வைத்து வாரப் பத்திரிகை நடத்திய அய்யூப் பாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாரு வரைஞ்சது தங்கச்சி? அண்ணனா?"

"நான்தான் பாய்."

அவர் நம்பினாரோ இல்லையோ, போட்டுவிட்டார். ஆனால் பெண் பெயரைப் பார்த்தால் பையன்கள் சண்டைக்கதை படிக்கமாட்டார்கள் என்று 'மணி' என்று மட்டும் அச்சடித்தார். வேலப்பன் வேலிக்குள்ளிருந்த லயங்களில் வீடுவீடாகப் போனான். வாசிக்கத் தெரிந்தவர்கள் உரக்க வாசித்தார்கள். வாலிபர்கள் அடுப்பங்கரையில் அகப்பையைச் சுழற்றிப் பார்த்து வசவு வாங்கினார்கள்.

வந்தது வினை. வேலிவாசல் சோதனையில் ஒருவன் மடியிலிருந்து வேலப்பன் படம் சிக்கியது. கம்பு, அடி, கால்வைப்பு, அம்புக்குறி! காட்டுக்காரர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற படம் இது என்று வெள்ளைக்கார அதிகாரி முடிவுகட்டிவிட்டார். மறுநாள் காலையில் அண்ணனும் தங்கையும் போலீஸ் நிலையத்தில் நின்றார்கள்.

அதிகாரி இங்கிலீஷில் கேட்டதைச் சார்ஜன்ட் ஜைனல் மலாய் மொழியில் திருப்பிக் கேட்டார். வரைந்தது யார்?

"நான்தான்," என்று முனியாண்டி முந்திக்கொண்டான். நவமணி திரும்பிப் பார்ப்பதற்குள் அவன் முன்னால் காகிதமும் பென்சிலும் வைக்கப்பட்டன. கம்பைப் பிடித்தால் காற்றைக் கிழிக்கும் அந்தக் கை, பென்சிலையும் கம்பு மாதிரியே முஷ்டியில் பிடித்தது. அவன் வரைந்ததைச் சார்ஜன்ட் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தார்.

"இது ஆளா, தென்னைமரமா?"

நவமணிக்குப் பயத்தையும் மீறிச் சிரிப்பு வந்துவிட்டது. பென்சிலை வாங்கினாள். எதிரே நின்ற சார்ஜன்டையே வரைந்தாள். ஒரு முழங்கால் மடங்கி, ஒரு கை முன்னால் நீண்டு, மலாய்க்காரர்களின் சண்டைக்கலையான சிலாட் ஆடப் புறப்படுகிற சார்ஜன்ட். ஜைனல் படத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். தன் மலாய்க் கிராமத்தில் அவர் சிலாட் ஆடுகிறவர் என்பது அவளுக்குத் தெரியாது; அவர் நிற்கிற தோரணைதான் அப்படி வரையச் சொன்னது.

"அம்புக்குறி எதற்கு?" என்றார் அதிகாரி.

"காகிதத்துல ஆளு நகரமாட்டான் துவான். படிக்கிறவங்க கண்ணைத்தான் நகத்தணும்."

சார்ஜன்ட் அதை மொழிபெயர்த்தார். தன் பங்குக்கும் ஏதோ நீளமாகச் சொன்னார். அதிகாரி படத்தை மேசையில் வைத்தார். விட்டுவிடலாம், ஆனால் இனிமேல் கம்பு, கத்தி எதுவும் படத்தில் வரக்கூடாது என்றார்.

வெளியே வந்ததும் முனியாண்டி, "தப்பிச்சோம்," என்றான். அவளுக்கு அழுகைதான் வந்தது. கம்பில்லாத வேலப்பனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஒரு வாரம் காகிதத்தைத் தொடவில்லை.

அந்த ஞாயிறு திடலில் செமிலிங் ஊர் அணியோடு கால்பந்தாட்டம். கூட்டம் கூட அனுமதி இருந்தது அதற்கு மட்டும்தான். நவமணி வேண்டாவெறுப்பாகப் போய் நின்றாள். செமிலிங் கோல்காவலன் பரஞ்சோதி, பந்து வருவதற்கு முன்பே ஒரு காலை அரைவட்டமாக வைத்து, உடம்பைத் திருப்பிப் பாய்ந்தான்.

"அண்ணே! அந்தக் காலைப் பாரு!"

"அடடே, நம்ம சிலம்பக் காலடி மாதிரியே வைக்கிறானே!"

ஆட்டம் முடிவதற்குள் கதை முடிவாகிவிட்டது. வேலப்பன் கம்பை வைத்துவிட்டுக் கோல்கம்பத்துக்கு நடுவில் போய் நின்றான். அய்யூப் பாய் தலையைச் சொறிந்தார். "சண்டை இல்லாம யாரு படிப்பா?"

"இதுவும் சண்டைதான் பாய். அடி விழாது, அவ்வளவுதான்."

ஒரு பந்து வருவதற்கே அவள் ஒரு பக்கம் முழுக்க எடுத்துக்கொண்டாள். உதைத்தவன் கால், பந்து, வேலப்பன் கண், விரல்நுனி. பிடித்தானா விட்டானா என்று தெரிய அடுத்த வாரம்வரை காத்திருக்க வேண்டும். தோட்டத்துக் கடை, சிகை திருத்தும் கடை, பேருந்து என்று எங்கும் அதே பேச்சு. சார்ஜன்ட் ஜைனலுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆனாலும் வேலிவாசலில் பத்திரிகையை வாங்கிப் படம் பார்த்துவிட்டுத்தான் ஆளை உள்ளே விட்டார்.

ஒருநாள் செமிலிங் பையன்களோடு பரஞ்சோதி வேலிவாசலில் வந்து நின்றான்.

"மணி அண்ணனைப் பாக்கணும்லா. எங்க டீமே வந்திருக்கோம்."

"அண்ணன் இல்ல, அக்கா. நான்தான்," என்றாள் நவமணி.

ஒருத்தன் சிரித்தான். பரஞ்சோதி சிரிக்கவில்லை. "நான் பாயறதை எனக்கே காட்டினது நீங்கதானா?" என்று கைகூப்பினான்.

அடுத்த ஞாயிறு அவள் படத்தைக் கொடுக்கும்போது அய்யூப் பாயிடம் சொன்னாள்: "இனிமே முழுப்பேரு போடணும் பாய். நவமணி." அவர் படத்தை வாங்கி வைத்தார். பிறகு அச்செழுத்து கோப்பவரைக் கூப்பிட்டு, "பெரிய எழுத்துல கோத்துப் போடுப்பா," என்றார். விற்பனையில் ஒரு பத்திரிகைகூடக் குறையவில்லை. வாங்குகிறவர்களில் பெண்கள் கூடினார்கள்.

சில வருடங்களில் அந்தப் பக்கம் கெடுபிடி தளர்ந்து வேலி இறங்கியது. நவமணி பால்வெட்டை விட்டுச் சுங்கை பட்டாணி அச்சகத்தில் முழுநேரப் படக்காரியாகச் சேர்ந்தாள். சன்னலோரம் ஒரு மேசை, இரண்டு மைக்கூடு. முதல்நாள் அய்யூப் பாய் தேநீரை வைத்துவிட்டுக் கேட்டார்:

"வேலப்பன் இந்த வாரம் யாரோட மோதறான்?"

"அவனுக்கு லீவு பாய்," என்றாள். காகிதத்தில் ஒரு பெண் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஓட்டப்பந்தயக் கோட்டில் குனிந்து நின்றாள்.