முதல் நாள் பாடம்

வேனில் பிள்ளைகளை ஏற்றிச் செல்ல எனக்கு லைசென்ஸ் வேண்டும். அது போதாதென்று தனியாக ஒரு பேட்ஜ், கண் பரிசோதனை, முதலுதவி வகுப்பு. அதே பிள்ளைகளை நான் இறக்கிவிட்ட பிறகு மைதானத்தில் ஓடவிட்டு, முட்டவிட்டு, விழவிடுகிறவனுக்கு எதுவும் வேண்டாம். கழுத்தில் விசில் தொங்கினால் போதும். போன வருடம் வரை இதை நான் கிண்டலாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

விசிலை மாட்டியிருந்தவன் என் தம்பி. ஆடிய காலத்தில் அவனுக்குப் 'புயல்' என்று பெயர், அதுவே நிலைத்துவிட்டது. கால்பந்து கிளப் பலகையில் பயிற்சியாளர் என்று வேறொருவர் பெயர்தான் இருந்தது. அவரிடம் பயிற்சியாளர் லைசென்ஸ் உண்டு. ஒப்புக்குப் பெயரைக் கொடுத்ததோடு சரி, ஆள் மைதானத்தை எட்டிப் பார்த்ததில்லை. நீயே வகுப்புக்குப் போய் ஒன்று வாங்கேன்டா என்றால் தம்பி சிரிப்பான்.

"எனக்கு ஆடத் தெரியாதாக்கா? இந்த வயசுல பெஞ்சுல உக்காந்து பாடம் கேக்கச் சொல்றியா?"

என் மகள் அவன் அணியின் கோல்கீப்பர். மாமா சொன்னால் கிணற்றில்கூடக் குதிப்பாள். போன வருடம் ஒரு ஆட்டத்தில் பந்தைப் பிடிக்கப் பாய்ந்தபோது எதிரணிப் பெண்ணின் முழங்கால் அவள் நெற்றிப்பொட்டில் இடித்தது. தம்பி ஓடிப்போய் முகத்தில் தண்ணீர் தெளித்தான். ஸ்கோர் என்ன என்று கேட்டான். சரியாகச் சொன்னாள். நான் யாரு என்று கேட்டான். "புயல் மாமா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். "கெட்டிக்காரி, போ!" என்று முதுகில் தட்டி அனுப்பினான். கொஞ்ச நேரத்தில் சாதாரணமாக வந்த பந்து ஒன்று எகிறி அவள் முகத்தில் பட்டது. அப்படியே மடங்கி விழுந்தாள்.

பிழைத்துவிட்டாளே என்று சொந்தக்காரர்கள் ஆறுதல் சொல்கிறார்கள். ஆமாம், பிழைத்துவிட்டாள். பகலில் திரையை விலக்கினால் தலையைப் பிடித்துக்கொள்கிறாள். தட்டு கீழே விழுந்தால் அழுகிறாள். பள்ளிக்கூடம் நின்றுபோயிற்று. சொல்ல வந்த வார்த்தை பாதியில் தொலைந்துபோனால் என்னையே பார்க்கிறாள், அதை நான் எங்கோ ஒளித்துவைத்த மாதிரி. மருத்துவர் பூசி மெழுகவில்லை. "முதல் அடியோட வெளிய உக்கார வெச்சிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காதும்மா" என்றார்.

தம்பியோடு பேச்சை நிறுத்தினேன். பல மாதம் கழித்து ஒரு மாலை வாசலில் வந்து நின்றான். ஆள் பாதியாக இருந்தான். உள்ளே வா என்று நான் சொல்லவில்லை.

"வகுப்புக்குப் போனேங்க்கா. லைசென்ஸ் வாங்கிட்டேன்."

"இப்ப யாருக்குடா வேணும் அது?"

"தலையில அடியோன்னு சந்தேகம் வந்தாலே வெளிய எடுத்துடணுமாம். கேட்டதுக்கெல்லாம் சரியா பதில் சொன்னாலும் சரி, நல்லாருக்கேன்னு பிள்ளை கெஞ்சினாலும் சரி. அன்னைக்குத் திரும்ப இறக்கவே கூடாதாம்."

"இதை எப்பச் சொல்லிக் குடுத்தாங்க?"

அவன் தலை நிமிரவில்லை. "முதல் நாளேக்கா. காலைல டீக்கு விடறதுக்கு முன்னாடியே."

ஒரே ஒரு காலைப்பொழுது இவன் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் போதும். கதவை அவன் முகத்தில் அறைந்து சாத்தினேன்.

அந்த ஆட்டத்துக்குப் பிறகு விசிலைக் கழற்றியிருந்தவன் திரும்பி வர வேண்டும் என்று கிளப் செயலாளர் என் வீட்டுக்கே வந்தார். "நீங்க வேண்டாம்னா வேண்டாம்" என்று பந்தை என் பக்கம் தள்ளிவிட்டார். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இருட்டறையிலிருந்து மகள் சொன்னாள்: "மாமாவே வரட்டும்மா. இப்பதான் அவருக்குத் தெரியும்ல."

போன வாரம் இறுதியாட்டம். அணியை ஏற்றிப்போனது நான்தான். மகளும் பிடிவாதமாக வந்தாள். கறுப்புக் கண்ணாடி போட்டு, காதில் பஞ்சு வைத்து, வேனின் பின்சீட்டில் ஜன்னல் திரைக்குப் பக்கத்தில் சாய்ந்திருந்தாள். ஆட்டம் சமநிலையில் முடியப்போகும் நேரத்தில், தலையால் முட்ட எழும்பிய எங்கள் ஸ்டிரைக்கர் பெண்ணும் எதிரணிப் பெண்ணும் மண்டையோடு மண்டை மோதிக்கொண்டார்கள்.

எங்கள் பெண் உடனே எழுந்துவிட்டாள். "ஒண்ணும் இல்ல சார், ஆடறேன் சார்!" நான் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். தம்பி ஸ்கோர் கேட்கவில்லை. அவள் தோளில் கைபோட்டு நேராகப் பெஞ்சுக்குக் கூட்டிவந்தான்.

அவளுடைய அப்பா, பெயிண்ட் கடைக்காரர், வேலியைத் தாண்டி வந்துவிட்டார். "என் பொண்ணை எனக்குத் தெரியாதா? நல்லாத்தானே நிக்கிறா! இறக்குய்யா!"

"இன்னைக்கு இறக்க மாட்டேன் சார்."

"கப்பு போயிடும்யா" என்று செயலாளரும் கெஞ்சினார். தம்பி அசையவில்லை. கடைசி நிமிடத்தில் ஒரு கோல் வாங்கித் தோற்றோம்.

"அக்கா பொண்ணைக் கெடுத்த பயத்துல என் பொண்ணு ஆட்டத்தைக் கெடுத்துட்டியேய்யா!" என்று பெயிண்ட் கடைக்காரர் எல்லோர் முன்னாலும் கத்தினார். தம்பி மைதானத்துக் கூம்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

"யாரும்மா அழறது?" என்றாள் மகள் பின்சீட்டிலிருந்து.

"ஸ்டிரைக்கர் பொண்ணு. தலையில இடிச்சுக்கிட்டா, மாமா வெளிய உக்கார வெச்சுட்டான்."

"தோத்துட்டோமா?"

"தோத்துட்டோம்."

அவள் திரையின் ஓரத்தை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். வார்த்தையைத் தேடுகிறாள் என்று நினைத்தேன். "அன்னைக்கு என்னை உக்கார வெச்சிருந்தா நானும் இப்படித்தாம்மா அழுதிருப்பேன். மாமாகூட ஒரு வாரம் பேசியிருக்க மாட்டேன்."

"ஆமாடி" என்றேன்.

பெஞ்சில் அந்தப் பெண் சட்டையால் முகத்தை மூடிக்கொண்டு கொளுத்தும் வெயிலில் ஓவென்று அழுதுகொண்டிருந்தாள். அவள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சமாதானம் செய்துகொண்டிருந்தாள். அந்த அம்மாவைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது.