சூப் கொடுத்தனுப்பியவர்

"சுடுது," என்றார் தோப்ரின்.

"சுடல. கால எடுக்காதண்ணே."

பேசினிலிருந்த வெந்நீருக்குள் அண்ணனின் வலது காலைப் பவ்லினா அழுத்திப் பிடித்திருந்தாள். முழங்கால் வரை வீங்கியிருந்தது. கட்டைவிரலால் தொட்டாலே குழி விழுந்தது. அந்தக் குழி நிரம்புவதற்கு நேரம் பிடித்தது. இதயம் களைத்துப்போய்விட்டது, இனி ஆஸ்பத்திரியில் வைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை என்று டாக்டர் சொன்ன அன்றே அவரைத் தன் வீட்டு முன்னறைக்குக் கொண்டுவந்துவிட்டாள். அவருக்கு மனைவி போய்ச் சேர்ந்து பல வருடமாகிறது. ஒரே மகள் ரலிட்சா ஸ்பெயினில் ஒரு ஓட்டலில் வேலை பார்க்கிறாள். தகவல் சொல்லியாகிவிட்டது. இன்று மதியம் பஸ்ஸில் வந்து இறங்குவாள்.

முற்றத்தில் காலடிச் சத்தம் கேட்டது. ஒரு அடி அழுத்தமாக, அடுத்தது லேசாகத் தேய்த்து. பவ்லினாவின் கணவர் நைதென் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

"என்ன மச்சான், இன்னும் இங்கயேதான் இருக்கியா?"

"எங்க போறது? பெட்டி தூக்க நல்ல கால் உள்ளவனா நாலு பேர் வேணும். உன்ன நம்பி எப்படி மாப்ள கெளம்புறது?"

"என் கால் நல்லாத்தான் இருந்துச்சு. எவனோ ஒருத்தன் வந்து அதுமேல விழுந்தான்."

"பந்துமேலதான் விழுந்தேன்."

"பந்தா? பந்து அந்நேரம் உங்க ஊர் சர்ச்சுக்கே போயிடுச்சு. நீதான் பாக்கல."

தோப்ரின் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. பவ்லினா கணவரை முறைத்தாள். நைதென் கோட்டுப் பைக்குள்ளிருந்து எடுக்கப்போன சின்ன ரக்கியா சாராய பாட்டிலை அப்படியே திரும்ப உள்ளே விட்டுக்கொண்டார்.

இந்தப் பேச்சு அவளுக்குப் பழகிப்போனது. ஈஸ்டர் விருந்து, பிள்ளைகளின் ஞானஸ்நானம், தக்காளி பாட்டிலில் அடைக்கிற நாள் எதுவானாலும் இரண்டு பேரும் ஒரு தடவையாவது பந்தையும் காலையும் இழுக்காமல் எழுந்ததில்லை. மழைக்கு முந்தின நாள் நைதெனுக்குக் கால் குடையும். உடனே மச்சானுக்குப் போன் போட்டு, "மழை வருது, காயப்போட்ட துணிய எடு" என்பார். "பந்துல பட்டதுக்குக் கால் எப்படிடா வலிக்கும்?" என்று அந்தப்பக்கத்திலிருந்து பதில் வரும்.

அது நடந்தபோது பவ்லினாவுக்குப் பத்தொன்பது வயது. மரித்சா ஆற்றுக்கு இந்தக் கரையில் ஒரு கால்பந்து அணி, அந்தக் கரையில் ஒரு அணி. அக்கரைக்குத் தோப்ரின் வலதுபக்கத் தடுப்பாட்டக்காரன். எதிராளியைத் தாண்டவிட்டால் பந்தைத் தாண்டவிடாதவன், பந்தைத் தாண்டவிட்டால் எதிராளியைத் தாண்டவிடாதவன் என்று ஊரில் பெருமையாகவே சொல்வார்கள். இக்கரையில் நைதென். பந்து அவன் காலில் இருக்கும்போது பெண்கள்கூட சூரியகாந்தி விதை கொறிப்பதை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். சோஃபியாவின் பெரிய கிளப் ஒன்று அவனை அடுத்த வாரம் வந்து ஆடிக்காட்டச் சொல்லியிருந்தது.

ஆட்டம் முடிய ஐந்தாறு நிமிடம்தான் பாக்கி. நைதென் பந்தை முன்னால் தட்டிவிட்டு ஓடினான். தோப்ரின் பின்னாலிருந்து பாய்ந்தான். இரண்டு காலும் தரையிலிருந்து எழும்பியிருந்தன, பூட்ஸின் அடி ஆணிகள் வெளியே தெரிந்தன. சத்தம் கேட்டு எல்லோரும் கோல் கம்பம்தான் முறிந்துவிட்டதென்று அங்கே திரும்பிப் பார்த்தார்கள். முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் போயிருந்தது. ஒன்று காலுறையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. நடுவர் சிவப்பு அட்டைக்காகச் சட்டைப்பையைத் துழாவிக்கொண்டிருந்தபோதே தோப்ரின் மைதானத்தை விட்டு வெளியே நடந்துவிட்டான். பூட்ஸைக்கூடக் கழற்றாமல் புகையிலை வயல் வழியாக வீட்டுக்குப் போனான். அதற்குப் பிறகு அவன் ஆடவே இல்லை. கேட்டவர்களிடம் முட்டி சரியில்லை என்றான்.

மூன்றாவது நாள் பவ்லினா தையல் வகுப்புக்குப் போவதாக அப்பாவிடம் சொல்லிவிட்டு, ஆட்டுக்கால் சூப்பை எனாமல் தூக்கில் ஊற்றித் துணியால் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். எலும்பு கூடுவதற்கு அதைவிட நல்லது இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள். பூண்டையும் வினிகரையும் தனியாக ஒரு குப்பியில் வைத்திருந்தாள். வார்டில் நைதென் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். காலில் கம்பியும் கப்பியும் எடைக்கல்லும் தொங்கின.

"யாரு நீ?" என்றான், திரும்பாமல்.

"தோப்ரினோட தங்கச்சி."

"யார் அனுப்பினாங்க?"

ஒரு பெண்பிள்ளையால் என்ன பதில் சொல்ல முடியும்? "அண்ணன்தான்," என்றாள். வாயில் வந்துவிட்டது. அவ்வளவுதான்.

அவன் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினான். அந்த முகத்தைப் பார்த்த பிறகு சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள அவளால் முடியவில்லை. அந்த வசந்தமும் கோடையும் அவள் சூப் கொண்டுபோனாள். ஒரு மாலை காலி தூக்கோடு அவள் பஸ்ஸிலிருந்து இறங்கியதைத் தோப்ரின் பார்த்தான். எங்கே போனாய் என்று கேட்கவில்லை. தூக்கை வாங்கி, அப்பா கண்ணில் படாமல் கிணற்றடியில் கழுவி வைத்தான்.

கல்யாணத்தன்று நைதென் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு எழுந்து கோப்பையைத் தூக்கினான். "ஒடச்சவனும் இவன்தான். தெனம் சூப் குடுத்தனுப்பி ஒட்டவச்சவனும் இவன்தான். என் கூட ஆடினவங்க ரெண்டு தடவ வந்தாங்க, அப்புறம் ஒருத்தனும் எட்டிப் பாக்கல. இவன் ஒரு நாள் விட்டதில்ல."

எல்லோரும் கை தட்டினார்கள். தோப்ரின் பவ்லினாவைப் பார்த்தான். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டு குனிந்திருந்தாள். அவன் எழுந்து நின்று, கோப்பையை ஒரே மடக்கில் குடித்தான்.

அந்த வருடம் முதல் பனி விழுவதற்கு முன்னால் கோடாலியோடு வந்து குளிர்காலத்துக்கு வேண்டிய விறகு முழுவதையும் வெட்டி அடுக்கிவிட்டுப் போனான். அடுத்த வருடமும் வந்தான். எப்போதும் வந்தான். காலுக்குப் பதில் தங்கச்சியைக் கொடுத்துவிட்டான் என்று ஊரில் சிலர் பேசினார்கள். பவ்லினாவின் காதிலும் விழுந்தது. அவள் யாரிடமும் மறுத்துப் பேசவில்லை.

மதியம் நைதென் ரலிட்சாவை அழைத்துவரப் பழைய காரை எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போனார். வீடு அமைதியாக இருந்தது. பவ்லினா துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"பவ்லி."

"சொல்லுண்ணே."

"அவன்கிட்ட சொல்லிடு."

"எத?"

"எதன்னு உனக்குத் தெரியாதா?"

அவள் ஒரு துண்டைப் பிரித்து மறுபடியும் மடித்தாள். "இப்ப எதுக்கு அதெல்லாம்?"

"நாப்பது வருஷமா உன் சூப்ப நான் குடிச்சிட்டிருக்கேன். போதும்."

"யார் குடுத்தா என்ன? எலும்பு சேந்துச்சில்ல?"

"எங்க சேந்துச்சு? ஒரு வெரல்கட குட்டை." மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். "நானும் போனேன், தெரியுமா? ரெண்டு தடவ. ஆஸ்பத்திரி கேட் வரைக்கும். நின்னு சிகரெட் குடிச்சிட்டு அடுத்த பஸ்ஸப் புடிச்சுத் திரும்பிட்டேன்."

இது அவளுக்குத் தெரியாது. துண்டை மடியில் வைத்துக்கொண்டு அண்ணனைப் பார்த்தாள்.

"அதையாவது அவர்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"என்னன்னு சொல்றது? கேட் வரைக்கும் வந்தேன்டா மாப்ளன்னா?"

"அவரு உன்ன அப்படி நெனச்சுட்டாருண்ணே. இப்பப் போய் நான் சொன்னா தாங்குவாரா?"

"அவன் தாங்கினதுல இது எம்மாத்திரம்?" கையை நீட்டினார். அவள் பிடித்துக்கொண்டாள். விரல்கள் சில்லென்றிருந்தன. "நீயா போனன்னு அவன் தெரிஞ்சுக்கட்டும். யாரும் அனுப்பல, நீயா போன."

அவள் அந்த விரல்களைத் தேய்த்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து ஜன்னலைத் திறக்கச் சொன்னார். திறந்தாள். ஈரமண் வாசனையோடு காற்று வந்தது.

"மழை வருமா?"

"அவர் கால் வலிக்குதுன்னு சொல்லலயே."

"அப்ப வராது," என்றார்.

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. அவள் தலையணையைச் சரிசெய்யக் குனிந்தபோது மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவில் இடைவெளி நீண்டுகொண்டே போவது தெரிந்தது. அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தாள். நெடுநேரம் காத்திருந்தாள். பிறகு மெழுகுவர்த்தியைத் தேடி ஏற்றினாள்.

கார் வந்து நின்றது. ரலிட்சா பெட்டியை முற்றத்திலேயே போட்டுவிட்டு, "அப்பா!" என்று உள்ளே ஓடினாள். நைதென் வாசற்படியில் நின்றார். "மச்சான்," என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டார்.

அவருக்குக் கடைசியாக உடுத்தும்போது எல்லாம் சரியாக வந்தது, காலணியைத் தவிர. கறுப்புத் தோல் காலணி. வீங்கிய பாதம் பாதிக்கு மேல் நுழையவில்லை. "செருப்பு போட்டு அனுப்பிடலாம் மாமா," என்று ரலிட்சா அழுதுகொண்டே சொன்னாள். நைதென் தலையசைத்து மறுத்தார். மடங்காத காலை ஒருபக்கமாக நீட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். அது அவருக்குச் சுலபமான காரியமில்லை. சமையலறைக் கத்தியை வாங்கி, காலணியின் பின்பக்கத் தோலைக் குதிகால் வரை கீறினார். பிறகு மச்சானின் பாதத்தை உள்ளங்கையில் ஏந்தி, மெல்ல மெல்ல உள்ளே செலுத்தினார். கீறல் வெளியே தெரியாதபடி கால்சட்டை விளிம்பை இழுத்துவிட்டார். நாடாவைக் கட்டியவர், அவிழ்த்து, இன்னும் தளர்வாகக் கட்டினார்.

"இறுக்கமா இருக்கக் கூடாது பாரு," என்றார், யாரையும் பார்க்காமல்.

மறுநாள் சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் அவரும் ஒருவர். அவர் இருந்த மூலை அடிக்கொருதரம் தாழ்ந்து எழுந்தது. பக்கத்து வீட்டுக்காரன் தான் மாற்றிக்கொள்வதாகச் சொன்னபோது, "ஆடினா ஆடட்டும். என்கூட நடந்து அவனுக்குப் பழக்கம்தான்," என்று சொல்லிவிட்டார்.

பாதிரியார் குழிக்குள் சிவப்பு ஒயினை ஊற்றி ஜெபத்தை முடித்ததும் நைதென் தொப்பியைக் கழற்றினார். யாரும் அவரைப் பேசச் சொல்லவில்லை.

"எனக்குப் பெருசாப் பேசத் தெரியாது. ஆட்டத்துல அடிபடுறது சகஜம். அடிச்சவன் எழுந்து போயிடுவான், அதுவும் சகஜம். இவன் போகல. தெனம் சூப் குடுத்தனுப்பினான். நான் அன்னிக்கி சுவத்தப் பாத்துப் படுத்திருந்தேன். அந்த சூப் வரலன்னா அப்படியே படுத்திருப்பேன்." தொப்பியை இரண்டு கைகளாலும் கசக்கினார். "அவ்வளவுதான்."

பவ்லினா, இறந்தவர் பெயரில் கொடுக்க அவித்துச் சர்க்கரை தூவிய கோதுமையைப் பொட்டலத்திலிருந்து ஒவ்வொருவர் கையிலும் கரண்டியால் போட்டுக்கொண்டிருந்தாள். ஒருவர் கையிலேயே இரண்டு தடவை போட்டுவிட்டாள்.

எல்லோரும் சாப்பாட்டுக்காக முன்னே போய்விட்டார்கள். ரலிட்சாவைப் பக்கத்து வீட்டுப் பெண்கள் அணைத்துக் கூட்டிப்போனார்கள். நைதெனால் வேகமாக நடக்க முடியாது. எப்போதும்போல அவளும் அவரும் கடைசியாக வந்தார்கள். பாதையின் இருபுறமும் பிளம் மரங்கள் அப்போதுதான் பூக்கத் தொடங்கியிருந்தன.

"அந்த சூப்ப அண்ணன் குடுத்தனுப்பல," என்றாள்.

அவர் நாலடி நடந்தார். பிறகு நின்றார்.

"என்ன சொன்ன?"

"அவரு அனுப்பல. நானா வந்தேன். யார் அனுப்பினான்னு நீங்க கேட்டீங்க. என்ன சொல்றதுன்னு தெரியல. அண்ணன்னு சொல்லிட்டேன்."

நைதென் பக்கத்து வேலிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். காலை மாற்றி ஊன்றினார்.

"விறகு?"

"அது அண்ணன்தான்."

"ரெண்டாவது ஆபரேஷனுக்கு ரத்தம் குடுத்தது?"

"அதுவும் அவருதான்."

"எங்கம்மா செத்தப்ப, ஒறஞ்ச மண்ணுல குழி வெட்டினது?"

"எல்லாம் அவருதான். சூப் மட்டும்தான் நான்."

"சூப் மட்டும்தான்," என்று அவர் திருப்பிச் சொன்னார்.

ஒரு டிராக்டர் கடந்துபோனது. அதிலிருந்தவன் துக்க வீட்டுக்காரர்களைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனான். சத்தம் முழுவதும் அடங்கும்வரை நைதென் கம்பத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

"எதுக்கு வந்த?" என்றார் பிறகு.

அவள் முந்தானைபோல் சரிந்த தலைத்துணியை இழுத்துக் கட்டினாள். இத்தனை வருடத்தில் யாரும் அவளிடம் இதைக் கேட்டதில்லை.

"அன்னிக்கி ஒரு கதவப் பேத்து, அதுல உங்களப் போட்டு மைதானத்துலேருந்து தூக்கிட்டு வந்தாங்க. எங்கிட்டக்க வந்தப்ப நீங்க கத்தவே இல்ல. பல்லக் கடிச்சிட்டு வானத்தப் பாத்திட்டிருந்தீங்க. அதான்."

"கத்தினேனே."

"எனக்குக் கேக்கல."

அவர் அவளையே பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டார். இருவரும் மீண்டும் நடந்தார்கள். அவள் வழக்கத்தைவிட மெதுவாக நடந்தாள், அவர் அதைவிட மெதுவாக.

வீட்டுக்குள்ளிருந்து தட்டுகளின் சத்தமும் பேச்சுச் சத்தமும் கேட்டன. முன்கேட்டில் காலையில் ஒட்டிய மரண அறிவிப்பின் புகைப்படத்தில் தோப்ரின் சட்டைக் காலர் பொத்தானைப் போட்டுக்கொண்டு விறைப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பசை சரியாகக் காயாமல் தாளின் ஒரு மூலை பிரிந்து காற்றில் படபடத்தது.

"நீ போய் ரலிட்சாவச் சாப்பிட வை," என்றார் நைதென்.

அவள் படியேறும்போது திரும்பிப் பார்த்தாள். அவர் உள்ளங்கையால் அந்த மூலையைக் கேட்டோடு சேர்த்து அழுத்திக்கொண்டு, அது ஒட்டட்டும் என்று நின்றுகொண்டிருந்தார்.