ஒன்பதாம் எண் கையெழுத்துப் போடவில்லை

செவ்வாய்க்கிழமை பயிற்சி முடிந்ததும் பயிற்சியாளர் ஃபின்பார் லூசி, கார்மக் மினோகைத் தன் அறைக்குக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். அச்சடித்த நான்கு வரி. இந்தப் பருவத்தோடு ரக்பியிலிருந்து ஓய்வு பெறுவதாகக் கார்மக்கே சொல்வது போல எழுதியிருந்தது. கார்மக் அப்படி யாரிடமும் சொன்னதில்லை.

"உனக்கு மரியாதையா இருக்கட்டும்னுதான்," என்றார் லூசி. கார்க் ஊர்க்காரர், கழுத்தை அறுப்பதானாலும் பாட்டுப் பாடுகிற மாதிரிதான் பேசுவார். "முப்பத்திநாலு வயசாச்சு தம்பி. பந்து உன் கைக்கு வந்து வெளிய போறதுக்குள்ள நான் ஒரு டீ குடிச்சிடலாம். சனிக்கிழமை கையெழுத்துப் போடு, ஜனங்க எழுந்து நின்னு கைதட்டுவாங்க."

"நீங்க அனுப்புறதுன்னா அனுப்புங்க. நானா போறேன்னு எழுதித் தர மாட்டேன். இன்னும் ஒரு வருஷம் ஆடுவேன்."

"எதை வச்சு? சனிக்கிழமை ஒரே ஒரு தடவை, எவனாவது உன்னைப் பிடிக்க முடியாம நிக்கிறதை எனக்குக் காட்டு. அந்த ஒரு வருஷத்தைத் தரேன்."

கார்மக் தாளை மேசையிலேயே விட்டுவிட்டு வந்தான்.

பதினான்கு வருடம், இருநூற்றுப் பதினொரு ஆட்டம், மூன்று முறை உடைந்த மூக்கு. அயர்லாந்தின் பச்சைச் சட்டையை மூன்று தடவை போட்டிருக்கிறான். மூன்றும் மாற்று ஆளாக, மொத்தம் பதினொரு நிமிடம். லிமெரிக் கசாப்புக் கடைக்காரர்கூட, "என்ன பதினொரு நிமிஷம், சாப்ஸ் வேணுமா?" என்றுதான் கேட்பார். முன்களத்து எட்டுப் பேர் எதிரணி எட்டுப் பேரோடு தலை கோத்து ஸ்கிரம் தள்ளும்போது, பின்னாலிருந்து பந்தை எடுத்துக் கொடுப்பது ஒன்பதாம் எண்காரனான அவன் வேலை. ஓயாமல் வாயடிப்பது சம்பளமில்லாத வேலை.

சனிக்கிழமை அரையிறுதி. டப்ளின் அணி இருபது, இவர்களின் லிமெரிக் அணி பதினேழு. கடைசி நிமிடம். கோட்டோரத்தில் டாரா நெஸ்டர், இருபத்தொரு வயது, மேல்சட்டையைக் கழற்றிவிட்டுக் குதித்துக்கொண்டிருந்தான். ஆட்டம் நின்றதும் கார்மக் வெளியே, அவன் உள்ளே.

டப்ளின் அணியின் கோல் கோட்டுக்கு எட்டு மீட்டரில் ஸ்கிரம். டப்ளின் பக்கம் சரிந்தது. நடுவர் விசில் ஊதிக் கையை உயர்த்தினார். இவர்களுக்குப் பெனால்டி. கோல் கம்பங்களுக்கு நேர் எதிரே. உதைத்தால் மூன்று புள்ளி, ஆட்டம் சமன்.

மைதானம் அடங்கியது. லிமெரிக்கில் அது வழக்கம். கம்பத்தை நோக்கி யார் உதைத்தாலும், எதிராளியே உதைத்தாலும், இருபதாயிரம் பேரும் வாயை மூடிக்கொள்வார்கள். இருமல் வந்தால் மேலங்கிக் கைக்குள் இருமுவார்கள். அந்த அமைதியைக் கேட்ட டப்ளின்காரர்கள், உதைதான் என்று முடிவுகட்டி முதுகைக் காட்டித் தங்கள் கோல் கோட்டை நோக்கி நடந்தார்கள். தண்ணீர் பாட்டில்கள்கூட வந்துவிட்டன.

ஆனால் உதைக்கிறோம் என்று அணித்தலைவன் நடுவரிடம் சொல்ல வேண்டும்; சொல்லாதவரை பந்தைக் காலால் தட்டிவிட்டு யாரும் ஓடலாம். தலைவன் மாஸி ஸ்லாட்டரி மண்டியிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். அவன் எதுவும் சொல்லவில்லை. பந்து கார்மக்கின் காலடியில் கிடந்தது.

பேசாமல் நின்றால் போதும். கைதட்டலோடு வெளியே போகலாம். அந்த நான்கு வரியும் காத்திருந்தது.

கார்மக் பந்தைக் கால் நுனியால் தட்டி எடுத்து ஓடினான். பதினான்கு வருடத்தில் முதல் முறையாக வாயே திறக்கவில்லை. பாட்டிலும் கையுமாகத் திரும்பிய ஒருவன் அவன் சட்டையைப் பிடிக்கப் பார்த்துத் தண்ணீரைத்தான் கொட்டினான். கம்பங்களுக்கு நடுவே கார்மக் விழுந்தபோது, பந்து புல்லில் மோதிய சத்தம் மேல் வரிசைவரை கேட்டது.

அப்புறம்தான் ஊர் கத்தியது.

"சார், ட்ரை சரிதானே சார்?" என்றான் எழுந்ததும்.

"சரிதான். வாயை மட்டும் மூடு," என்றார் நடுவர்.

மாஸி வந்து அவன் கழுத்தைப் பிடித்தான். "பாவி, நீ கோட்டை விட்டிருந்தா உன்னை ஷானன் ஆத்துல தள்ளியிருப்பேன்."

"நீ மூச்சு வாங்கி முடிக்கட்டும்னு காத்திருந்தா திங்கட்கிழமை ஆயிருக்கும்டா."

கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் அது ட்ரை, ஐந்து புள்ளி. இருபத்திரண்டுக்கு இருபது என்று ஆகி, அந்த ட்ரைக்கு உரிய உதையும் முடிய, ஆட்டமும் முடிந்தது.

உடை மாற்றும் அறைக்கு லூசி தாளோடு வந்தார். "முதுகைக் காட்டிட்டு நின்னவனைத் தாண்டி ஓடினே. அதுக்குப் பேரு வேகமா?"

"பிடிக்க முடியாம நின்னாங்களா இல்லையா? அதானே பேச்சு?"

லூசி ஒரு விரலை நீட்டினார். "ஒரு வருஷம். அதுக்கு மேல ஒரு நாள்கூடக் கிடையாது." தாளைக் கிழிக்கப் போனார்.

"கிழிக்காதீங்க. இங்க கொடுங்க."

கார்மக் அதை வாங்கித் தானே இரண்டாகக் கிழித்தான். பாதியைக் கசக்கி நனைந்த இடது பூட்ஸுக்குள் திணித்தான், மீதியை வலது பூட்ஸுக்குள். திங்கட்கிழமை பயிற்சிக்குள் அவை காய வேண்டும்.