பெயர் சொல்லாத ஜெபக்குறிப்பு

சபையில் எத்தனையோ பேர் ஜெபம் பண்ணுகிறார்கள். ஆனால் 'ஜெபவீரர்' என்ற பட்டம் ஒரே ஒருவருக்குத்தான். அதை யார் கொடுத்தார்கள் என்று கேட்டால் அவருக்கே சரியாக ஞாபகமில்லை. தானே இரண்டு மூன்று தடவை சொல்லி வைத்திருக்கலாம் என்ற சந்தேகம் மட்டும் உண்டு.

பிழைப்பு பல்செட் செய்வது. டாக்டர்கள் அனுப்பும் அச்சில் மெழுகு வைத்து, அதில் பல் வரிசை அடுக்க வேண்டும். மாடியில் ஒரே அறை, இரண்டு மேசை, ஒரு முதலாளி. எதிர்மேசைக்காரர் நான்கு வயது மூத்தவர். சாமி, பூதம் எதிலும் நம்பிக்கை கிடையாது. பன்னிரண்டு வருடமாக ஜெபவீரரைப் பாதி கேலியும் பாதி பிரியமுமாக 'பிரதர்' என்று கூப்பிடுகிறவர். முன்பல் அடுக்குவதில் மனிதர் கில்லாடி. அவர் வைத்த பல்லைப் பார்த்து, சொந்தப் பல் இல்லை என்று பெற்ற தாய்கூடச் சொல்ல மாட்டாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு எதிர்மேசைக்காரர் குரலைத் தாழ்த்தினார்.

"கட்டை விரல் தானா ஆடுது பிரதர். டெஸ்ட் எடுத்திருக்காங்க, ரிசல்ட் வர ரெண்டு வாரம் ஆகுமாம். வீட்லகூடச் சொல்லல. முதலாளி காதுக்குப் போச்சுன்னா என் வேலை போச்சு."

"உயிரே போனாலும் வாயத் திறக்க மாட்டேன்ணா" என்றார் ஜெபவீரர்.

உயிர் எங்கேயும் போகவில்லை. மறுநாள் புதன்கிழமை வந்தது, அவ்வளவுதான்.

புதன் சாயங்காலம் போதகர் வீட்டு முன்னறையில் ஜெபக்கூட்டம். ஒவ்வொருவரும் ஒரு ஜெபக்குறிப்பு சொல்ல வேண்டும், எல்லாரும் அதற்காக ஜெபிப்பார்கள். வெளியே சொல்லிக்கொள்ளாவிட்டாலும் அதில் ஒரு போட்டி உண்டு. ஒருத்தருக்கு முழங்கால் வலி, ஒருத்தர் மருமகளுக்குப் பிரசவம். ஜெபவீரரிடம் மூன்று வாரமாகச் சரக்கு இல்லை. 'பொதுவான ஆசீர்வாதத்துக்காக' என்று சொல்லிச் சொல்லி அவருக்கே வெட்கமாக இருந்தது. பட்டம் வாங்கின ஆள் சொல்கிற குறிப்பா இது?

தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"மனசுல பாரப்பட்டு ஜெபிக்க ஒரு காரியம் இருக்கு. பேர் சொல்ல மாட்டேன். வெளியிலயும் போகக்கூடாது. என்கூட வேலை பாக்குற ஒரு அண்ணன். பல் அடுக்குற கை நடுங்குது. முதலாளிக்குக்கூடத் தெரியாது."

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்துவாரா? கட்டை விரலைத் தூக்கி ஆட்டியும் காட்டினார். போதகர் மனைவிக்குக் கண் கலங்கியது. முன்வரிசை நாற்காலியில் இருந்த அம்மாள் "அப்பா ஆண்டவரே!" என்று நெஞ்சில் கைவைத்தார். ஜெபவீரருக்கு அது கைதட்டல் போலவே கேட்டது. அந்த அம்மாள் முதலாளியின் மாமியார் என்பது அவருக்குத் தெரியாததல்ல. அந்த நேரத்தில் அது மண்டையில் உறைக்கவில்லை.

கூட்டத்துக்கு மனைவியும் வந்திருந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் ஆரம்பித்தாள்.

"வாய் வச்சுட்டு சும்மா இருக்க முடியாதா உங்களுக்கு?"

"பேர் சொல்லலியேம்மா."

"கடையில மொத்தமே மூணு பேரு. முதலாளி, நீங்க, அவரு. இதுல பேர் வேற சொல்லணுமா?"

ஜெபவீரர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை முதலாளி எதிர்மேசைக்காரரிடம் வந்து, முகத்தைப் பார்க்காமல், "இனிமே முன்பல் வேலையெல்லாம் இவர் பாக்கட்டும். நீங்க பாலிஷ் போடுங்க, மாசக் கடைசியில பேசிக்கலாம்" என்றார். மாசக் கடைசியில் பேசுவது என்றால் என்ன என்று இரண்டு பேருக்கும் தெரியும். போன வருடம் இதே மாதிரி பேசித்தான் மூன்றாவது மேசை காலியானது.

"அன்னைக்கு என் கையிலருந்து மெழுகுக் கத்தி கீழ விழுந்துச்சுல்ல, அத முதலாளி பாத்துட்டாரு போல" என்றார் எதிர்மேசைக்காரர். "என் தலையெழுத்து. உங்ககிட்டயாவது சொல்லி வச்சேனே, அதுவே ஆறுதல். சொன்னா சொன்னதோட இருக்குற ஆள் நீங்க ஒருத்தர்தான் பிரதர்."

அதற்குப் பதில் ஜெபவீரர் கன்னத்தில் அறைந்திருக்கலாம்.

அன்று முழுவதும் ஜெபவீரர் மனதுக்குள் ஒரு வக்கீல் எழுந்து நின்று வாதாடினார். நல்ல எண்ணத்தில்தானே சொன்னது? கத்தி விழுந்தது உண்மைதானே? எல்லாம் ஆண்டவர் சித்தம் என்று இருந்துவிட்டால் என்ன? கடைசி வாதம் வந்ததும் அவருக்கே அருவருப்பாகிவிட்டது. தன் தப்பை ஆண்டவர் தலையில் கட்டுகிற அளவுக்கு வந்தாயிற்றா?

சனிக்கிழமை, தயார் பண்ணி வைத்திருந்த பக்திப் பேச்செல்லாம் மறந்து போய், நேராகவே வந்து விழுந்தது.

"அண்ணா, முதலாளி பாக்கல. நான்தான் சொன்னேன். ஜெபக்கூட்டத்துல, பதினேழு பேர் முன்னால. முதலாளி மாமியாரும் இருந்தாங்க." உடனே, "உங்களுக்காக ஜெபம் பண்ணச் சொல்லித்தான்…" என்று ஒட்டுப் போட்டார்.

எதிர்மேசைக்காரர் கையிலிருந்த பல்செட்டை மெல்ல கீழே வைத்தார்.

"பதினேழு பேரும் பண்ணாங்களா?"

"பண்ணாங்கண்ணா."

"நீங்க?"

ஜெபவீரர் யோசித்தார். புதன் ராத்திரி, தான் சொன்ன விதம் உருக்கமாக இருந்ததா என்று நினைத்துக்கொண்டிருந்தார். வியாழன், போதகர் மனைவியின் கண்ணீரை நினைத்து மகிழ்ந்தார். வெள்ளி, பயம். அண்ணன் பெயரைச் சொல்லி ஒரு தடவைகூட முழங்கால் போட்டு ஜெபிக்கவில்லை. 'பண்ணேன்' என்று சொல்லிவிட்டால் யார் வந்து சரிபார்க்கப் போகிறார்கள்? சரிபார்க்கக்கூடிய ஒருவர் மேலே இருப்பதை நினைத்ததும் பொய் வாய்க்கு வரவில்லை.

"பண்ணல."

"சரி சார்" என்றார் எதிர்மேசைக்காரர்.

சார்! பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவை.

ஜெபவீரர் அப்படியே எழுந்து முதலாளியிடம் போனார். நடந்ததை மறைக்காமல் சொல்லிவிட்டு, "கைதானே ஆடுது, கண்ணு ஆடலியே. அவர் பக்கத்துல உக்காந்து நிறமும் வரிசையும் சொல்லட்டும், நான் வைக்கிறேன். அவர் இல்லாம ஒரு முன்பல்கூட நான் தொட மாட்டேன். என்னை அனுப்புறதுன்னாலும் அனுப்புங்க" என்றார். முதலாளி கத்தினார், முனகினார். கடைசியில், "சரி, பாப்போம். ஆனா வேலை கெடக்கூடாது" என்றார்.

ஒன்பது நாள் ஒரே மேசையில் தோளோடு தோள் உட்கார்ந்தார்கள். "கொஞ்சம் இடது பக்கம் சார்." "நிறம் தப்பு சார்." வேறு பேச்சே இல்லை. ஒவ்வொரு 'சாரும்' முள்ளாகக் குத்தியது. ஜெபவீரர் இப்போது நிஜமாகவே ஜெபித்தார். 'ஆண்டவரே, அண்ணன் கை' என்பதோடு முடிந்துவிடும். ஒரு தடவை கண்ணைத் திறந்து, தான் ஜெபிப்பதை யாராவது பார்த்தார்களா என்று நோட்டம் விட்டார். அடச்சீ என்று தன் தலையில் தானே தட்டிக்கொண்டு மறுபடியும் கண்ணை மூடினார்.

பத்தாம் நாள் மதியம், சாப்பாட்டு டப்பா மூடும் சத்தம்.

"பிரதர்."

ஜெபவீரர் கையிலிருந்த பல்லை மேசையில் போட்டுவிட்டுத் திரும்பினார்.

"ரிசல்ட் வந்துடுச்சு. சொல்றேன், ஆனா யார்கிட்டயும் சொல்லக்கூடாது."

"ஆண்டவர்கிட்டகூடவா?"

எதிர்மேசைக்காரர் சிரித்துவிட்டார். "அவர்கிட்டச் சொல்லுங்க. எனக்குத் தெரிஞ்சு அவர் ஒருத்தர்தான் இதுவரைக்கும் யார்கிட்டயும் போய்ச் சொல்லல."

அடுத்த புதன்கிழமை, முதலாளியின் மாமியார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்: "அந்தக் கை நடுங்குறவருக்கு என்ன ஆச்சு பிரதர்? நாங்களும் பாரப்பட்டோமில்ல?"

பதினேழு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஜெபவீரரின் நாக்கு துறுதுறுத்தது. கையை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"எனக்காக ஜெபம் பண்ணுங்கம்மா" என்றார். "என் வாய்க்காக."

ரிசல்ட் என்ன என்று இதை எழுதுகிற நானும்தான் விடாமல் கேட்டுப் பார்த்தேன். மனிதர் மூச்சுவிடவில்லை.