ஓடு அதிலே

என் பெயர் அம்மார். வயது இருபத்து மூன்று. சார்ஜாவில் இருக்கிறேன். மீன் பேக்கிங் கம்பெனி ரூமில், கட்டிலில் உட்கார்ந்துகொண்டு பேசுகிறேன். நான் பேசப் பேச போன் எழுதுகிறது. இது என்னோடு தங்கியிருக்கும் வசந்தகுமாரின் போன். அதனால்தான் புது நம்பர். என் போனை அணைத்துவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

உம்மாவுக்குப் படிக்க வராது. வாப்பா மீன்பிடி போட்டில் தொண்டிப் பக்கம் போயிருக்கிறார். உம்மா இந்த மெசேஜைத் தெருவில் யாரிடமாவது காட்டுவார். யார் படித்தாலும் புரியட்டும் என்று முதலிலிருந்து சொல்கிறேன். ஊர்ப் பேச்சில் சொன்னால் போன் தப்பாக எழுதுகிறது. அதனால் நியூஸ் வாசிக்கிற மாதிரி சொல்கிறேன். ஆட்கள் பேசியதை மட்டும் விரலால் அடிக்கிறேன்.

என் தம்பி தாஹா போலீஸ் செலக்‌ஷனுக்கு ஓடிப் பழகுகிறான். அண்ணனான என்னைக் காக்கா என்றுதான் கூப்பிடுவான். விடியற்காலை சுபுஹு தொழுகை முடிந்ததும் நம் ஊர்க் கண்மாயில் ஓடுவான். உச்சிப்புளியிலிருந்து புதுமடம் போகிற வழியில் பனங்காட்டுக்குப் பின்னால் இருக்கிறதே, அந்தக் கண்மாய். கூட ஓடுவது காளீஸ்வரன், என்னோடு படித்தவன். ஓடி முடித்ததும் தாஹா ஓடிய பாதையை ஆப் ஒரு கோடாக வரைந்து எனக்கு அனுப்பும். கரையைச் சுற்றி ஓடினால் அந்தக் கோடு மாங்கொட்டை மாதிரி இருக்கும். இங்கே ஷிப்ட் முடிந்து வந்ததும் அதைத்தான் முதலில் பார்ப்பேன். அந்தக் கோட்டைப் பார்த்தால் கருவேலங்காடும் நாரைக் கூட்டமும் கடல் காற்றும் எனக்கு வந்துவிடும்.

நானும் அங்கே ஓடியவன்தான். கண்மாய் வற்றிக் கிடந்த வருடத்தில், தண்ணீர் நிற்க வேண்டிய உள்வாய் வழியாக, மிச்சத் தண்ணீர் வழியும் கலுங்கிலிருந்து மடை வரைக்கும் நேராக ஓடினேன். என் வேகமான ஓட்டம் அதுதான். ஆப்பில் அது அப்படியே இருந்தது.

போன கோடையில் லாரிகள் அந்த உள்வாயில் மண் அள்ளின. நடுவில் ஒரு பள்ளம். பனைமரத்தை இறக்கினாலும் குருத்து வெளியே தெரியாது என்று காளீஸ்வரன் சொன்னான். பிறகு ஐப்பசி மழை. தண்ணீர் ஏறிவிட்டால் கணுக்கால் ஆழமும் பனைமர ஆழமும் மேலே ஒரே மாதிரிதான் தெரியும்.

அதனால் போன வாரம் தாஹாவுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினேன். கை முழுக்க மீன் வாடை என்பதால் போனைத் தொடாமல் பேசினேன். "உள்வாய்ல ஓடாதலே" என்றேன். படித்துப் பார்க்காமல் அனுப்பினேன். போன் எழுதியது இது: "உள்வாயில் ஓடு அதிலே."

மறுநாள் கோடு மாங்கொட்டையாக வரவில்லை. கலுங்கிலிருந்து தண்ணீருக்குள் கொஞ்ச தூரம் போய்த் திரும்பியிருந்தது. ஆப்பில் இருப்பது பழைய படம், அதில் கண்மாய் இன்னும் காய்ந்த மண்தான். உடனே தாஹாவைக் கூப்பிட்டேன்.

"ஏலே, தண்ணிக்குள்ள ஏன்டா எறங்குன?"

"நீதான காக்கா சொன்ன, அதிலே ஓடுன்னு. தண்ணில ஓடுனா காலு நல்லா உரமேறுது."

"அது போன் செஞ்ச தப்புடா. ஓடாதன்னு சொன்னேன்."

தாஹா சிரித்தான். "இப்ப மாத்திப் பேசாத. ஒன் பழைய ஓட்டத்தத்தான் ஆப்புல போட்டி வச்சு ஓடுறேன். 'அம்மார் உங்களுக்கு முன்னால்', 'அம்மார் உங்களுக்கு முன்னால்'னு காதுக்குள்ள சொல்லிக்கிட்டே இருக்கு. நாளைக்கு முந்திருவேன்."

அங்கே பள்ளம் இருக்கிறது என்று சொன்னேன். "நீ போற தடத்துலதான காக்கா வாரேன். தண்ணி கணுக்காலத் தாண்டல," என்றான்.

போற தடம். போன தடம் என்று அவன் சொல்லவில்லை.

அன்றைக்கே அந்தப் பழைய ஓட்டத்தை ஆப்பிலிருந்து அழித்தேன். அழிந்துவிட்டது என்று எழுதி வந்தது. வசந்தகுமாரும் பார்த்தான். ஆனால் மறுநாள் கோடு இன்னும் நீளமாகப் போயிருந்தது. அதற்கு அடுத்த நாள் இன்னும். அழித்த என் ஓட்டத்தின் மேலேயே, ஒரு விரல் கூட விலகாமல் போகிறது. பள்ளத்துக்கு இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது.

இன்றைக்குக் காலை பிரேக்கில் காளீஸ்வரனைக் கூப்பிட்டேன்.

"ஒன் தம்பி போலீஸ்ல சேரப் போறானா, மீன்பிடித் துறைல சேரப் போறானான்னு எனக்கே வெளங்கல மாப்ள," என்றான். "நான் கரையில ஓடுறேன். அவன் தண்ணிக்குள்ள பேசிக்கிட்டே ஓடுறான்."

"யாருட்டடா பேசுறான்?"

"கேட்டா, காக்காட்டங்கான். போன்ல பேசுறீகன்னு நெனச்சேன்."

நான் பேசவில்லை. அந்த நேரத்தில் நான் ஐஸ் ரூமுக்குள் இருப்பேன். அங்கே போன் கொண்டுபோக விட மாட்டார்கள்.

காளீஸ்வரன் தொடர்ந்து, "இன்னொன்னு சொல்றேன், சிரிக்காத. பனிமூட்டத்துல கண்ணு தெரியாது. ஆனா தண்ணிச் சத்தம் ரெண்டு ஆளு ஓடுற மாதிரி கேக்குது. அவன் நின்ன பெறகும் மத்த சத்தம் நிக்கல. பள்ளத்துக்கு மேல போயும் நிக்கல," என்றான். நாளைக்கு அவன் தங்கச்சி வீட்டு விசேஷத்துக்குப் பரமக்குடி போகிறானாம். நாளைக்குத் தாஹா தனியாகத்தான் ஓடுவான்.

உடனே உம்மாவைக் கூப்பிட்டேன். "தாஹாவ வெளிய விடாதீக உம்மா," என்றேன்.

"நீயே கூப்பிடுவ, நீயே விடாதம்பியா?"

"நான் எப்ப கூப்பிட்டேன்?"

"சுபுஹு நேரத்துல தெனமும்தான் கேக்குது. 'ஏலே தாஹா, வாலே'ன்னு. போன சத்தமா வச்சிருக்கான்னு நெனச்சேன்."

"எங்கன இருந்து கேக்குது உம்மா?"

உம்மா யோசித்தார். "வாசப் பக்கம் இருந்துதான்," என்றார். லைன் போய்விட்டது. அதற்குப் பிறகு கிடைக்கவே இல்லை. தாஹாவும் எடுக்கவில்லை.

இன்றைக்கு மதியம் ஷிப்ட் முடிந்து வந்து இந்தக் கட்டிலில் படுத்திருந்தேன். தலைமாட்டில் கிடந்த என் போன் தானாகப் பேசியது. ஆப்பின் அதே பெண் குரல். "தாஹா உங்களுக்குப் பின்னால். நெருங்கி வருகிறார்." வசந்தகுமார், "யாருடா அது தாஹா?" என்று கேட்டான். அவனுக்கும் கேட்டிருக்கிறது. நான் போனை அணைத்து சூட்கேஸுக்குள் வைத்துவிட்டேன்.

என் குரலை அனுப்பாமல் எழுத்தாக அனுப்புவது இதனால்தான். அங்கே என் குரலைக் கேட்டால் தாஹா எழுந்து போய்விடுகிறான்.

இந்த மெசேஜை ஒவ்வொரு சொல்லாக இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டேன். தப்பு எதுவும் இல்லை.

இதைப் படிக்கிறவரே, உம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். இன்றைக்குத் தாஹா படுத்த பிறகு அந்த வீட்டை வெளியே பூட்டி, சாவியை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். வெயில் ஏறிய பிறகு திறந்தால் போதும். அதற்கு முன்னால் அம்மார் வந்திருக்கிறேன் என்று யார் வந்து கேட்டாலும் சாவியைக் கொடுக்காதீர்கள். நான் சார்ஜாவில் இருக்கிறேன்.